கோபாலும் பத்து பைசாவும்

போன ஞாயிறு சித்தூரிலிருந்து அக்கா பையன் போன். திருப்பதியில் இன்ஜினியரிங் முடித்து, வேலை கிடைத்து, ட்ரெய்னிங்கும் முடியப்போகிறது. குரலில் சந்தோஷமே இல்லை.

"மாமா, என்னை கோபால் ப்ராஜக்ட்ல போட்டுட்டாங்க. கூட இருக்கற பசங்க எல்லாம் பைத்தான், ஜாவான்னு போயிட்டாங்க. வேற வேலை தேடட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1998-ல் பி.காம் முடித்த கையோடு சித்தூரில் பஸ் ஏறி, திருப்பதிக்குப் போய் இதே கோபாலைப் படித்தவன் நான். ஒய்2கே காய்ச்சல் அடித்த நேரம். "தினமும் போய்ப் பார்க்கறியே, யாருடா அந்த கோபால்?" என்று அம்மா கேட்டது இன்னும் எங்கள் வீட்டு ஜோக். 2000 பிறந்ததும் காய்ச்சல் இறங்கிவிட்டது. வேலை வரவில்லை. பேங்க் பரீட்சை எழுதினேன். இப்போது டொராண்டோவில் ஒரு பேங்கில் குப்பை கொட்டுகிறேன்.

பையன் சொல்லும் குறைகள் நிஜம்தான். 1959-ல் பிறந்த மொழி. ரெண்டு எண்ணைக் கூட்ட ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டும். ப்ரோகிராமில் இருக்கும் வேரியபிள் எல்லாம் பொதுச் சொத்து, எந்த வரி வேண்டுமானாலும் மாற்றலாம். ஆப்ஜெக்ட் வசதி தரத்தில் சேர்ந்ததே 2002-ல்தான். இஃப் நடுவே ஒரு முற்றுப்புள்ளி இடம் மாறினால் அர்த்தமே மாறிவிடும். அந்தப் புள்ளியைத் தேடி நான் கடைசி பஸ்ஸைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

ஆனால் பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள். 0.30000000000000004 என்று வரும். பத்தில் ஒரு பங்கை பைனரியில் துல்லியமாக எழுத முடியாது. அதற்கு டெசிமல் என்று தனி மாட்யூல் உண்டு, ஆனால் ஞாபகமாக எடுத்துப் போட வேண்டும். கோபாலில் பைசாவுக்கு ரெண்டு இடம் என்று சொல்லிவிட்டால் போதும், பேரேட்டில் போடுகிற மாதிரியே கணக்கு நடக்கும். ஒரு ரூபாய் டேலி ஆகாமல் ராத்திரி ஒன்பது வரை பிராஞ்சில் உட்கார்ந்தவனுக்கு அதன் அருமை தெரியும். 2020-ல் கொரோனா சமயம், கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று அமெரிக்காவின் நியூஜெர்சி கவர்னரே கேட்டார்.

இவ்வளவும் தெரிந்தும், "கண்ணை மூடிக்கிட்டு சேருடா" என்று சொல்ல வாய் வரவில்லை. பேங்குக்கு நல்ல மொழி என்பது வேறு, அதைப் படித்தவன் பிழைப்பு வேறு. நான் பட்டவன்.

கடைசியில் சொன்னேன்: "ரெண்டு வருஷம் இருடா. வட்டி, கடன், செட்டில்மெண்ட் எல்லாம் உள்ளே எப்படி ஓடுதுன்னு கத்துக்கோ. மொழி போனாலும் அந்தக் கணக்கு உன்கூட வரும். ராத்திரியில பைத்தானை மட்டும் விட்டுடாதே."

"சரி மாமா" என்றான், அரை மனசாக. பின்னால் அம்மா குரல்: "இன்னும் அந்த கோபாலா?"

உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?