பேரலின் ஆயுள் யார் கையில்?

தர்மபுரி மாவட்ட ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவரை எல்லோரும் ‘ஆர்மரர்’ என்றே அழைக்கிறார்கள். வருடாந்திர சுடும் பயிற்சி முடிந்த மறுநாள், அனுமதி வாங்கிக்கொண்டு அவருடைய பட்டறைக்குப் போயிருந்தேன். ஒரு ரைபிள் பேரல் எத்தனை ரவுண்டு தாங்கும்? இதைத்தான் அவரிடம் கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. பழைய த்ரீ நாட் த்ரீ ரைபிள் ஒன்றை எடுத்தார். உள்ளே தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு போல்ட்டை உருவினார். பின்வாயில் வெள்ளைத் தாள் துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்து, ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு உள்ளே போகும்படி செய்தார். “முன்னாலேர்ந்து பாருங்க சார்.”

குழலுக்குள் ஐந்து பள்ளங்கள் இடப்பக்கமாகச் சுழன்று ஓடின. குண்டைச் சுழல வைப்பது இந்த வரிகள்தான். பத்து அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பது இந்த ரைபிளின் கணக்கு. குழலை விட்டு வெளியேறும் குண்டு நொடிக்குச் சுமார் 2,900 சுற்று சுழல்கிறது. அந்தச் சுழற்சிதான் அதை நேராகப் பறக்க வைக்கிறது. தோட்டா உட்காரும் அறையைத் தாண்டியவுடன் வரும் இரண்டு, மூன்று அங்குலத்தில் மட்டும் வரிகள் மங்கிக் கிடந்தன. கோடையில் வெடித்த ஏரி மண்போல அங்கே எஃகில் நுண்ணிய விரிசல்கள். “தொண்டைன்னு சொல்லுவோம். பேரல் சாகறது இங்கிருந்துதான்” என்றார்.

அந்த இடத்தைத் தின்பது குண்டின் உராய்வைவிட வெடிமருந்தின் நெருப்புதான். எஃகு உருகுவது ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸில். மருந்து எரியும்போது எழும் வாயுவோ 2,000 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல 3,000 மடங்குக்கு மேல். கண நேரம்தான் என்றாலும் ஒவ்வொரு முறையும் எஃகின் மேல்தோல் சூடேறி, விரிந்து, சட்டென்று குளிர்கிறது. விரிசல் விழுகிறது. அடுத்த ரவுண்டின் வாயு அந்த விரிசலை அரித்துக்கொண்டு போகிறது. ஆற விடாமல் தொடர்ந்து சுட்டால் தேய்மானம் இன்னும் வேகம் பிடிக்கும்.

இந்தப் பாடத்தைப் பிரிட்டிஷ் ராணுவம் பட்டுத்தான் கற்றது. முதலில் வந்த கார்டைட் மருந்தில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின். அதன் சூட்டில் மெட்ஃபோர்டு முறையில் வெட்டிய ஆழமில்லாத வரிகள் சீக்கிரமே அழிந்தன. 1895இல் ஆழமான என்ஃபீல்டு வரிகளுக்கு மாறினார்கள். பிறகு நைட்ரோகிளிசரினையும் 30 சதவீதமாகக் குறைத்தார்கள். நம் நீலகிரி அருவங்காட்டில் 1903இல் அமைந்த தொழிற்சாலை இந்தக் கார்டைட்டைச் செய்வதற்காக வந்ததுதான்.

எண்ணிக்கைக்கு வருவோம். ஈயக் குண்டும் குறைந்த அழுத்தமும் உள்ள .22 ரைபிளின் பேரல் லட்சக்கணக்கான ரவுண்டு தாங்கும். போலீஸ், ராணுவ ரைபிள்களுக்குப் பொதுவாகச் சில ஆயிரத்திலிருந்து இருபதாயிரம் வரை சொல்வார்கள். குழலின் உட்புறம் குரோமியம் பூசிய ஏகே-47, இன்சாஸ் போன்றவை கூடுதலாகத் தாங்கும். சராசரியாகப் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குண்டு குழலுக்குள் இருப்பது நொடியின் ஆயிரத்தில் ஒன்று, ஒன்றரைப் பங்கு நேரம். அப்படியானால் ஒரு பேரல் தன் வாழ்நாள் முழுவதும் உழைக்கும் நேரம் பத்துப் பதினைந்து விநாடிதான். மீதி முப்பது, நாற்பது வருஷம் அது ரேக்கில் நிற்கிறது, தோளில் தொங்குகிறது, மழையில் நனைகிறது.

“கெட்டுப்போறது அந்த மீதிக் காலத்துலதான் சார்” என்றார் ஆர்மரர். வீரப்பன் தேடலில் காட்டுக்குள் போய்வந்த துப்பாக்கிகளைப் பற்றிச் சொன்னார். 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே அந்தத் தேடல் முடியும்வரை, சுட்டதைவிடச் சுமந்ததுதான் அதிகமாம். மழையும் வியர்வையும் குழலுக்குள் இறங்கித் துருப் புள்ளிகள் விழுந்தன. பழைய தோட்டாக்களின் கேப்பில் இருந்த ரசாயனம் வெடித்ததும் உப்பாகப் படியும். அந்த உப்பு ஈரத்தை இழுக்கும். எண்ணெய் போட்டால் உப்பு போகாது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, அதன் பிறகே எண்ணெய் பூச வேண்டும்.

துடைப்பதிலும் கேடு உண்டு. பக்கத்தில் ஓர் இளம் காவலர் குழலைத் துடைக்கும் புல்த்ரூ கயிற்றை வாய்ப்புறமாகச் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தார். “தம்பி, நேரா இழு. வாயிலே உரசுது பாரு” என்று அவர் கையைப் பிடித்துத் திருத்தினார் ஆர்மரர். கயிற்றில் நம் ஊர்ச் செம்மண் துகள் ஒட்டியிருந்தால் அதுவே அரமாகிவிடும். குழல்வாய் ஒரு பக்கம் தேய்ந்தால், தொண்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் குறி தவறும். அப்படி வாய் தேய்ந்த ஒன்றை அவர் எனக்குக் காட்டினார். தேய்மானத்தை அளக்கும் கேஜை நுழைத்தார்; நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் உள்ளே இறங்கியது. சுட்டு அழிந்ததல்ல, துடைத்தே அழிந்த பேரல் அது.

குறி தவறுவது போட்டியில் ஒரு மதிப்பெண் சமாசாரம். கூட்டத்துக்கு முன் நிற்கும் காவலருக்கு அப்படியல்ல. அவர் குறிவைத்த இடத்தில் குண்டு படாவிட்டால் வேறு யாரோ ஒருவர் உயிர் போகலாம். அதனால் பேரலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற இந்தக் கண்ணும் கையும் பொதுமக்களின் பாதுகாப்போடு சேர்ந்தவை.

திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் 1966 முதல் ஆயுதங்கள் பிறக்கின்றன. அவற்றைச் செய்பவர்களை ஓரளவு அறிவோம். காத்து வைத்திருப்பவர்களை அறியோம். ஒவ்வொரு ரைபிளுக்கும் சுட்ட ரவுண்டுகளை எழுதும் பதிவேடு ஒழுங்காக இருக்க வேண்டும். ஒவ்வொரு மூத்த ஆர்மரரும் ஓய்வு பெறுமுன் அவரருகில் குறைந்தது இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்து இந்த வேலையைக் கற்க வேண்டும். புதிய ஆயுதம் வாங்க ஒதுக்கும் பணத்தில் சிறு பகுதி இதற்குப் போதும். காவல்துறை இதைச் செய்ய வேண்டும்.