இரும்புப் பெட்டியும் ஓலைப் பந்தலும்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் கால்மணி நேரம் நின்று பாருங்கள். துறைமுகத்திற்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் இடையே கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும். கடல் கடந்து வந்த இந்த இரும்புப் பெட்டிகள் வயதானபின் எங்கே போகின்றன? சில உடைக்கப்படுகின்றன, சில கட்டட வேலை நடக்கும் இடங்களில் அலுவலகமாகின்றன, சில எங்களைப் போன்ற உழவர்களின் நிலத்தில் வந்து அமர்கின்றன.

1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி, 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சுமந்த காலம் மாறத் தொடங்கியது. சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தது. அதன் பயன் நேமம் ஏரிப் பக்கமுள்ள எங்கள் ஒன்றரை ஏக்கருக்கு வந்து சேர நாற்பது ஆண்டு ஆயிற்று!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் எங்கள் மோட்டார் கொட்டகையைச் சாய்த்தது. விதைநெல்லும் உரமூட்டைகளும் நனைந்து பாழாயின. "பழைய பொட்டி ஒண்ணு வாங்கிப் போட்ருவோம்" என்றார் அப்பா. தாத்தா ஒப்பவில்லை. "இரும்புப் பொட்டில மனுசன் படுப்பானாடா?" என்றார். காவலுக்கு நிலத்தில் படுப்பவர் அவர்தானே! கடைசியில் இருவரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படிச்சவன், நீ சொல்லு" என்றார் அப்பா. கறவை மாடு இரண்டை விற்று வாங்கவேண்டிய பொருள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியுமா?

நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். இருபதடிப் பெட்டியின் நீளம் 6.06 மீட்டர், அகலம் 2.44 மீட்டர், வெற்று எடை ஏறத்தாழ 2,250 கிலோ. ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, உள்ளே நீர் புகாதவரை, அடிப்பலகைக்கு மேல் அரை அடி வெள்ளம் ஏறினாலே காலிப் பெட்டி மிதந்துவிடும்! உள்ளே 50 கிலோ மூட்டை பத்து இருந்தாலும், இன்னும் ஒன்றரை அங்குலம் கூடத் தேவையில்லை. ஏரிப் பக்கத்தில் இது விளையாட்டான செய்தியா? ஆகவே மேட்டில் இடம் பார்த்தோம். பெட்டியின் சுமை நான்கு மூலைகளில்தான் இறங்குகிறது. எனவே மூலைக்கொரு கான்கிரீட் கட்டை போட்டு, அதனுடன் சங்கிலியால் பிணைத்தோம்.

அடிப்பலகையைப் பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றியிருப்பார்கள். அதனால் சாப்பாட்டு நெல்லை வீட்டிலேயே வைத்துக்கொண்டோம்; விதைமூட்டைகளை மரச்சட்டத்தின்மேல் அடுக்கினோம்.

தாத்தாவின் கேள்விக்கு விடை காண்பதுதான் கடினமாக இருந்தது. சித்திரை வெயிலில் பெட்டி அடுப்பாகிவிடும். மார்கழி விடியலில் கூரையின் உட்புறம் நீர் கோத்துச் சொட்டும். இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கன்டெய்னர் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டுமே! சரக்குக்கு உள்ளிருந்து திறக்கவேண்டிய அவசியம் ஏது?

எதிரெதிரே இரண்டு சன்னல்களும், உள்தாழ் உள்ள ஒரு சிறு கதவும் வெட்டி, ஓரங்களில் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்தோம். பெட்டிக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டு ஓலைப் பந்தல் போட்டோம். வெயிலை ஓலை வாங்கிக்கொள்கிறது. இடையில் ஓடும் காற்று வெப்பத்தைக் கொண்டுபோகிறது. கீற்று முடைந்தவர் தாத்தா! ஓலை பறந்தாலும் இனி விதை நனையாது. பகலில் அவர் பந்தல் நிழலில் இருக்கிறார். மழை இரவில் உள்ளே படுக்கிறார். தேர்வுக் காலத்தில் அங்கே விளக்கைப் போட்டுப் படிப்பவன் நான்.

நண்பர்களே, ஊர்விட்டு வந்த தொழிலாளர்கள் இத்தகைய பெட்டிகளில் தங்கியிருப்பதைக் கட்டட வேலை நடக்கும் இடங்களில் நீங்களும் பார்த்திருக்கலாம். அவற்றில் சன்னல் உண்டா, நிழல் உண்டா, உள்தாழ் உண்டா என்று யாராவது கேட்டார்களா? சரக்குக்காகச் செய்ததில் மனிதனைக் குடிவைக்குமுன் கேட்டாகவேண்டிய கேள்விகள் இவை. பள்ளிக்கூடமே போகாத என் தாத்தா முதலில் கேட்டார். படித்த நாம் கேட்காமல் இருக்கலாமா?