கயிறு பிடிக்கிறவர்கள்

திரேஸ்புரம் கரையில் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு விஷயம் சொல்வார்கள். முத்துக்குளிக்க இறங்குகிறவனின் கயிற்றைப் படகில் நின்று பிடிப்பது அவன் மச்சானாம். அக்கா, தங்கச்சி தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான்! 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உயிரும் மேலே நிற்கிறவன் கையில்தான்.

அந்த ஊர்ப் பெண் ஒருத்தி, என் நண்பனின் தங்கை, டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரமே டிபன் பாக்ஸில் மீன்குழம்பு. யாரோ எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்கள். மறுநாள் அவள் மேஜையில் அவள் மட்டும்தான்.

சண்டை இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. டீ சொல்லும்போது தலையை எண்ணுவார்கள், அவளை விட்டுவிட்டு. அவள் வந்தால் பேச்சு நிற்கும். தயிர்சாதம் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு சாப்பாடே கொண்டுபோகவில்லை. கூட்டலில் தப்பு வர ஆரம்பித்தது. ஞாயிறு சாயங்காலமானால் வயிற்றைப் பிசையும்.

“திட்டுனாக்கூடப் பரவாயில்லண்ணே. திட்டுறதுக்காவது நான் ஒரு ஆளா இருப்பேம்லா” என்றாள் என்னிடம்.

எட்டாவது மாதம் வேலையை விட்டாள். கடிதத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதினாள். வேறு என்ன எழுத முடியும்? டீ சொல்லவில்லை என்று புகார் கொடுக்க முடியுமா?

2003-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. கம்ப்யூட்டரில் மூன்று பேர் பந்து விளையாட்டு. கொஞ்ச நேரத்தில் ஒருவருக்கு மட்டும் பந்து வராமல் செய்தார்கள். உடம்பு வலிக்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதி அவருக்கு அப்போது வேலை செய்ததாம். அவள் வயிற்றைப் பிசைந்தது சும்மா இல்லை.

2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டிப் பள்ளியில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிட விடவில்லை என்று செய்தி வந்தது. கனிமொழி எம்.பி.யும் அப்போதைய அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த அம்மாவுக்கு அன்று கயிறு பிடிக்க ஆள் இருந்தது.

நம் ஆபீஸ் சாப்பாட்டு மேஜைக்கு எந்த அமைச்சரும் வரப்போவதில்லை. பக்கத்து சீட்காரர்தான் வரவேண்டும். எட்டு மாதத்தில் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு மதியம், “நகருங்க, நானும் உட்காருறேன்” என்று சொல்லியிருந்தால் போதும். அவள் இருந்திருப்பாள்.