ஒரே கூரை, எத்தனை உலை?

பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்று மலாக்காவின் கிளேபாங்குக்கு வந்த பிறகும், சமூகக் கொள்கையில் முனைவர் பட்டம் செய்யும் பிள்ளைகள் வரைவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வரட்டும், எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அண்மையில் ஒரு தம்பி கொண்டுவந்த நான்காம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு என்னால் தூங்க முடியவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் வறுமைதான் தலைப்பு. வினாப்படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பி, வந்த பதில்களை எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஏற்றி, ரிக்ரஷனும் போட்டு முடித்திருந்தார். அட்டவணைகள் பளிச்சென்று இருந்தன.

“எந்தெந்தத் தோட்டத்து ஆளுங்க தம்பி?” என்று கேட்டேன்.

“படிவத்துல அந்தக் கேள்வி இல்ல சார்” என்றார்.

முன்மொழிவுத் தற்காப்பில் பேராசிரியர்கள் உட்கார்ந்து பார்த்து, இதற்குத் தலையாட்டியிருக்கிறார்கள்.

என் மேற்பார்வையாளர் தலையாட்டியிருக்க மாட்டார். அவர் மலாய்க்காரர், கம்பத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் எழுதிய எந்த வீட்டைப் பற்றிப் படித்தாலும் பென்சிலால் ஓரத்தில் ஒரே கேள்வியை எழுதுவார்: இந்த வீட்டில் யார் யார் சேர்ந்து சாப்பிடுகிறார்கள்? கோட்பாட்டு அத்தியாயத்தை அவர் ஒரே மாலையில் படித்து முடித்தார். வீடுகளைப் பற்றிய அத்தியாயம் மட்டும் போய்ப் போய்த் திரும்பி வந்தது. அந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைக் களத்தில்தான் பார்த்தேன்.

கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் ஒன்றாகத் தங்கி, உணவுக்கும் மற்ற அத்தியாவசியத் தேவைகளுக்கும் சேர்ந்து செலவு செய்கிறவர்கள். தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டில் இதில் பெரிய குழப்பம் இல்லை. தோட்ட எழுத்தரான கிராணியின் செக்ரோல் பதிவேட்டில் பேர் இருக்கும், அடுப்பும் ஒன்றுதான். அதே குடும்பம் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்ததும் எல்லாம் சிக்கலாகிவிடும். மூத்த மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவான். கட்டிக்கொடுத்த மகள் பிள்ளைகளோடு உள்ளறையில் இருக்கிறாள், அவளுக்குத் தனி கேஸ் அடுப்பு. பாட்டி கொஞ்ச நாள் இங்கே, கொஞ்ச நாள் சின்ன மகன் வீட்டில். மகனின் சம்பளத்தைச் சேர்த்தால் வீடு வறுமைக் கோட்டைத் தாண்டிவிடும், சேர்க்காவிட்டால் கீழே விழுந்துவிடும். உதவி கிடைக்குமா கிடைக்காதா என்பது அங்கேதான் முடிவாகிறது.

வறுமைக் கோட்டைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள். 2019 ஆகஸ்டில் ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மலேசியாவுக்கு வந்து, மாதம் 980 வெள்ளியைக் கோடாக வைத்துக்கொண்டு இந்த நாட்டில் ஏழைகளே இல்லை என்று சொல்வது சரியா என்று கேட்டுவிட்டுப் போனார். மறு ஆண்டு ஜூலையில் கோடு 2,208 வெள்ளிக்கு ஏறியது. 2016ஆம் ஆண்டுக்கு 0.4 விழுக்காடு என்று சொல்லிவந்த வறுமை, புதிய முறையில் 7.6 விழுக்காடு ஆனது. எந்த வீட்டுப் பானையிலும் ஒரு பிடி அரிசி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புதிய முறை சத்துள்ள சாப்பாட்டைக் கணக்கில் எடுத்தது, அது நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தக் கோட்டுக்கு மேலோ கீழோ நிற்கிற வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்பதை எத்தனை ஆய்வேடுகள் கேட்டன?

வருமானம் எவ்வளவு என்று நேரே கேட்டால் யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் வேண்டியதில்லை. செலவிலிருந்து தொடங்க வேண்டும். பள்ளி வேன், கேஸ் தோம்பு, மளிகைக் கடைப் பற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். செங் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் ஓர் அம்மா, “மாசம் ஆயிரத்து ஐந்நூறு வருது, கஷ்டம் இல்ல தம்பி” என்றார். தேநீர் குடித்து முடித்த பிறகு அரிசி டின்னுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே அடகுச் சீட்டுகள். தாலிக்கொடி, தோடு, பேத்தியின் காப்பு எல்லாம் கடையில் இருந்தன. மாதம் 2 விழுக்காடு வட்டி, ஆறு மாதத்தில் மீட்க வேண்டும். சீட்டுகளைத் தேதிப்படி அடுக்கிப் பார்த்தால் அந்த வீட்டின் ஓராண்டு வரவு செலவு அப்படியே தெரிந்தது: பள்ளி திறப்பு, தீபாவளி, மருமகன் மோட்டார் சைக்கிளில் விழுந்தது. கூகுள் படிவத்தில் இதற்கு எந்தக் கட்டம் இருக்கிறது?

அந்தத் தம்பியின் இலக்கிய மீளாய்வில் கொள்கைக் கோட்பாட்டாளர் கிங்டனின் மூன்று நீரோட்டங்கள் பக்கம் பக்கமாக ஓடின. ரவீந்திர ஜெயினைக் காணோம். 1960களின் தொடக்கத்தில் ஒரு தோட்டத்திலேயே தங்கி, அதற்குப் பால் மலாயு என்று புனைபெயர் வைத்து, 1970இல் நூலாக்கியவர் அவர். 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலை பொருளாதார அறிஞர் உங்கு அசிஸ் ஆராய்ந்ததும், அந்தத் துண்டாடலுக்கு எதிர்வினையாகத்தான் 1960இல் துன் சம்பந்தன் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பதும் அந்த மீளாய்வில் இல்லை. 1967இல் புக்கிட் ஆசகான் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நீக்கத்தை எதிர்த்துக் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். அது இதே மலாக்கா மாநிலத்துத் தோட்டம். அந்தத் தம்பி அந்தத் தோட்டத்தின் பேரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. கிங்டன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்து மக்களைப் பற்றி எழுதுகிறவர் தோட்டத்தைப் படிக்க வேண்டாமா?

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2023க்குள் 60,000 முனைவர்கள் என்று மைபிரைன்15 திட்டத்தில் இலக்கு வைத்தார்கள். இலக்கு வைத்தால் எண்ணிக்கை வரும். பட்டம் வாங்குவதற்குள் இத்தனை கட்டுரை, இந்தத் தரவரிசை இதழில் என்று நிபந்தனை போட்டால், அடுக்குமாடிப் படியேற யாருக்கு நேரம்? வருமானக் கணக்கெடுப்பு மாநிலம், இனம், நகரம், கிராமப்புறம் என்று பிரித்துத் தருகிறது. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்று அதில் தனி வரிசை இல்லை. லயம் இடிக்கப்பட்ட மறுநாளே அவர்கள் நகரத்து பி40, அதாவது வருமானத்தில் அடித்தட்டு 40 விழுக்காடு, ஆகிவிடுகிறார்கள். இங்கே கிளேபாங்கில் கடலைத் தூர்த்து நிலமாக்கியபோதும் ஏக்கர் கணக்கு வந்தது. அந்தக் கரையை நம்பி உலை வைத்த வீடுகளின் கணக்கை யாரும் என் கண்ணில் காட்டவில்லை.

வாய்மொழித் தேர்வான வைவாவுக்கு வெளித்தேர்வாளராகப் போகும்போது, அட்டவணைகளுக்குப் போவதற்கு முன் ஒன்று கேட்பேன். உங்கள் மாதிரியிலிருந்து ஒரு வீட்டைச் சொல்லுங்கள், நீங்கள் போன அன்று அங்கே யார் சமைத்தார்கள், யார் யார் சாப்பிட்டார்கள்? பதில் இல்லாதவர்களுக்குப் பெரிய திருத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறேன் என்று ஒரு துறையில் பேச்சு எழுந்தது, அதன் பிறகு அங்கிருந்து அழைப்பு வரவில்லை. நாளைக்கே அழைத்தாலும் அதே கேள்வியைத்தான் கேட்பேன், பதில் இல்லையென்றால் அதையேதான் எழுதுவேன்.