கோட்டைக்குள் இருக்கும் கொடி

சென்னையில் கோட்டை என்றால் தலைமைச் செயலகம், சட்டமன்றம் என்றுதான் பலருக்கும் நினைவு வரும். மனு கொடுக்க வருகிறவர்களும் அதிகாரிகளைப் பார்க்க வருகிறவர்களும் அன்றாடம் கடந்துபோகும் அதே வளாகத்தில், இந்தியத் தொல்லியல் துறையின் கோட்டை அருங்காட்சியகமும் இருக்கிறது. அதற்காகவே உள்ளே நுழைகிறவர்கள் குறைவு.

கட்டடமே ஒரு காட்சிப்பொருள்தான். 1795இல் கட்டி முடித்தபோது அது வணிகர்கள் கூடிப் பேரம் பேசும் இடம். அன்று கடல் கோட்டைக்கு வெகு அருகில் இருந்தது. துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்ச, ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து கரை சேர்த்தன. அந்தக் கப்பல்களுக்கு வழிகாட்ட, 1796 முதல் இந்தக் கட்டடத்தின் உச்சியில் தேங்காய் எண்ணெய் விளக்குகள் எரிந்தன. நகரின் முதல் கலங்கரை விளக்கம் அதுதான். பிற்காலத்தில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் அவற்றின் தெற்கே மணல் சேர்ந்துகொண்டே வர, கடல் பின்வாங்கிவிட்டது.

உள்ளே வாள்கள், துப்பாக்கிகள், நாணயங்கள், பீங்கான் பாத்திரங்கள், ஆளுநர்களின் ஓவியங்கள், ராபர்ட் கிளைவின் கடிதங்கள் எல்லாம் உண்டு. ஆனால் நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, சிற்பி தாமஸ் பேங்க்ஸ் வடித்த, மைசூரின் திப்பு சுல்தானைப் போரில் வென்ற ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் பிரபுவின் சலவைக்கல் சிலை. அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரம். பார்க்கிறவர்களின் கண் சிலையின் முகத்துக்குத்தான் போகும். பீடத்தைப் பார்க்கத் தவறக் கூடாது. திப்புவின் இரு சிறு பிள்ளைகளை ஆங்கிலேயரிடம் பிணையாக ஒப்படைக்கும் காட்சி அதில் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்ட திப்பு, பிள்ளைகளையும் அனுப்ப வேண்டியதாயிற்று. சென்னைக்குக் கொண்டுவரப்பட்ட அவர்கள் 1794இல்தான் தந்தையிடம் திரும்பினார்கள். வென்றவர்கள் பெருமையாகச் செதுக்கி வைத்ததில், இன்று பார்க்கிறவர்களின் மனத்தைத் தைப்பது அந்தப் பிள்ளைகளின் நிலைதான்.

இரண்டாவது, ஒரு கொடி. 1947 ஆகஸ்ட் 15 அன்று இதே கோட்டையில் ஏற்றப்பட்ட மூவர்ணக் கொடி. சுமார் பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலம் கொண்ட பட்டுத்துணி. நிறம் மங்கிவிடாதபடி குறைந்த வெளிச்சத்தில், கண்ணாடிப் பேழைக்குள் காக்கப்படுகிறது. 2013 குடியரசு நாளிலிருந்துதான் பொதுமக்கள் அதைப் பார்க்க முடிகிறது.

வணிகத்துக்கு எழுப்பிய கட்டடம், அரசுகளைப் பணியவைத்த வெற்றியைக் கொண்டாடும் சிலை, ஆங்கிலேய ஆட்சி முடிந்த நாளில் பறந்த கொடி. பாடப்புத்தகத்தில் பல பக்கங்களில் சிதறிக் கிடக்கும் வரலாறு இங்கே ஒரே கூரையின் கீழ் தொடர்ச்சியாக விளங்குகிறது.

வெள்ளிக்கிழமை விடுமுறை. நுழைவாயிலில் பாதுகாப்புச் சோதனை இருக்கும். அடையாள அட்டை கையில் இருப்பது நல்லது. மெரினாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் பெற்றோர், ஒரு நாள் காலையில் இங்கேயும் கூட்டி வரட்டும். அந்தப் பீடத்தையும் கொடியையும் தவறாமல் காட்டட்டும்.