பழைய லொஃப்டைத் திறக்கும்போது

லண்டனில் ஹரோ, வெம்பிளி பக்கம் எங்கள் ஆட்கள் வாங்கிக் குடியிருக்கும் வீடுகளில் பல 1930களில் கட்டப்பட்டவை. ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கம் போனால் அதைவிடப் பழசு. இவற்றில் பலவற்றுக்குள், முன்பு இருந்தவர்கள் எழுபதுகளிலோ எண்பதுகளிலோ கூரைக்குள்ளே ஓர் அறை அடித்து வைத்திருப்பார்கள். அந்த லொஃப்ட் அறைகளைத் திருத்துவதுதான் இப்போது என் வேலையில் பெரும்பங்கு. புதிதாக ஒன்று கட்டுவதைவிட இது கடினம். புதியதில் எந்த மரம் எதைத் தாங்குகிறது என்பது வரைபடத்திலேயே இருக்கும். பழையதில் அதைப் பலகைக்குப் பின்னால் தேட வேண்டும்.

கூப்பிடுகிறவர்கள் கேட்பது அநேகமாக ஒன்றுதான். "அண்ணை, பெயின்ட் அடிச்சு, புதுக் காப்பெட் போட்டு, நாலு ஸ்பொட் லைட் வைச்சால் காணும்தானே? பிள்ளை ஏ லெவல் படிக்கப் போறாள், அவளுக்கொரு அறை வேணும்."

"செய்யலாம் தங்கச்சி. முதல்ல அந்தப் பக்கச் சுவரை ஓரிடத்தில திறந்து பாப்பம்."

வீட்டுக்குள் ஏறுவதற்கு முன் நான் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று முகட்டைப் பார்ப்பேன். முகடு நடுவில் தொய்ந்திருந்தால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று பாதி தெரிந்துவிடும். இந்த வீடுகளில் கைமரங்களை நடுவில் ஒரு குறுக்குமரம் தாங்கும். பர்லின் என்பது அதைத்தான். அதற்குக் கீழே சாய்வாக முட்டுக்கால்கள் நிற்கும். அறைக்கு இடம் எடுக்க அந்த முட்டுக்கால்களை அறுத்துவிட்டு, மாற்றாக இரும்பு பீமோ தாங்குசுவரோ வைக்காமல் விட்ட வீடுகள் இருக்கின்றன. கூரைப்பாரம் மெல்ல மெல்லக் கீழே இறங்கிச் சுவர்களை வெளியே தள்ளும். அங்கே பெயின்டைப் பற்றிப் பேசுவதே தவறு. முதலில் ஒரு ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரைக் கூப்பிட வேண்டும்.

தரையும் அப்படித்தான். கீழ் அறையின் சீலிங்கைத் தாங்குவதற்கென்று போட்ட 4 அங்குலத்துக்கு 2 அங்குல மரங்களின் மேல் சிப்போர்ட்டை அடித்து, அதைத் தரை என்று விட்டிருப்பார்கள். கட்டிலும் புத்தக அலுமாரியும் ஏறியதும் கீழ் அறைச் சீலிங்கில் வெடிப்பு ஓடும். நடக்கும்போது கால் துள்ளினால், புது மரங்களைப் பழையவற்றுக்கு இடையே தனியாக, அவற்றில் பாரம் ஏறாதபடி போட்டாக வேண்டும்.

கூரைச்சரிவின் அடியில் பலகையால் அடித்த அந்தப் பக்கச் சுவரை வெட்டித் திறக்கும் நேரம்தான் இந்த வேலையில் எனக்கு முக்கியமானது. டோர்ச்சை உள்ளே நீட்டினால் முதலில் மணம் வரும், ஈரமரத்தின் புளித்த மணம். கைமரங்களுக்கு நடுவே 25 மி.மீ. பொலிஸ்டைரீன் துண்டுகள், சில இடத்தில் இறுக்கமாக, சில இடத்தில் விரல் போகும் இடைவெளியோடு. ஓட்டுக்குக் கீழே பழைய தார்த்தாள். ஓட்டைத் தாங்கும் சலாகையை அடித்த ஆணிகளின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். பனிக்காலக் காலையில் ஒவ்வொரு முனையிலும் ஒரு துளி நீர். அந்தத் துளி விழும் இடத்தில் மரம் கறுத்திருக்கும். கூரை ஒழுகுகிறது என்றுதான் வீட்டுக்காரர் நினைப்பார். ஓட்டில் பிழை இருக்காது. அது குளியலறையிலிருந்தும் எங்கள் மூச்சிலிருந்தும் மேலே போன ஆவி. வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த தாளில் பட்டு நீராகிறது. குளியலறைக் காற்றாடியின் குழாயை வெளியே கொண்டுபோகாமல் கூரைக்குள்ளேயே முடித்துவிட்ட வீட்டில் இது இரண்டு மடங்கு.

ஆகவே, பழைய தார்த்தாள் இருக்கும் கூரையில் இன்சுலேஷனுக்கும் தாளுக்கும் நடுவே 50 மி.மீ. காற்றுவெளி, பீலிப் பக்கத்திலிருந்து முகடுவரை தடையில்லாமல் ஓட வேண்டும். கைமரம் 100 மி.மீ. ஆழம்தான் என்றால் மரங்களுக்கு நடுவே மிஞ்சுவது 50 மி.மீ. மீதி இன்சுலேஷனை மரத்துக்குக் கீழே ஒட்ட வேண்டும். அங்கேதான் சண்டை வரும்: "அண்ணை, தலை இடிக்குமே!" உண்மைதான், உயரம் குறையும். ஆனால் காற்றுவெளியை அடைத்து உயரத்தைக் காப்பாற்றும் வேலையை நான் எடுப்பதில்லை. ஓடு மாற்றும் காலம் நெருங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்வேன். ஆவியை வெளிவிடும் புதுத்தாள் போட்டால் காற்றுவெளியைக் குறைக்கலாம், கொஞ்சம் உயரமும் மிஞ்சும். கூரைச்சரிவின் பாதிக்கு மேல் பலகையைக் கழற்றினால், இன்சுலேஷனை இன்றைய அளவுக்கு உயர்த்த வேண்டும் என்பது இங்கிலாந்துச் சட்டம். கூரைக்கு அந்த அளவு, வெப்பம் கசிவதைக் காட்டும் U-மதிப்பில் (W/m²K), 0.16. கவுன்சிலின் பில்டிங் கொன்ட்ரோலுக்கும் அறிவிக்க வேண்டும்.

உள்பக்கத்தில் ஆவித்தடுப்புத் தாளின் ஒவ்வொரு மூட்டையும் டேப் போட்டு அடைக்க வேண்டும். அத்தனையும் செய்துவிட்டு ஸ்பொட் லைட்டுக்காக அதே சீலிங்கில் வரிசையாக ஓட்டை போடுவது, புதுக்குடத்தைப் பொத்தலிட்டுத் தண்ணீர் மொள்வது போல. சுவர் விளக்கு போதும்.

வெயிலை மறந்துவிடக் கூடாது. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை பதிவானது. சரிவில் வைத்த கண்ணாடி யன்னலுக்கு உள்ளே திரை போட்டுப் பெரிய பயனில்லை, வெப்பம் உள்ளே வந்தாயிற்று. வெளிப்பக்கத் திரைதான் வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே மறிக்கும்.

பழைய தண்ணீர்த்தொட்டி பக்கச் சுவருக்குப் பின்னால் இருந்தால், அது அஸ்பெஸ்டோஸ் சிமெந்தா என்று பரிசோதிக்கும்வரை கை வைக்காதீர்கள். இங்கே முழுத்தடை வந்ததே 1999 நவம்பரில்தான்.

எல்லாவற்றிலும் எனக்குப் பயம் தருவது நெருப்பு. லொஃப்ட் தரை நிலத்திலிருந்து நாலரை மீற்றருக்கு மேல் இருக்கும். யன்னலால் குதித்துத் தப்ப முடியாது. படிக்கட்டு ஒன்றே வழி. அதனால் மேலிருந்து முன்வாசல்வரை அந்தப் படிக்கட்டை நெருப்புத் தாங்கும் சுவரும் கதவும் மறைத்திருக்க வேண்டும். எங்கள் வீடுகளிலோ, பிறந்தநாளுக்கும் பூசைக்கும் சனம் கூட வேண்டுமென்று கீழே ஹோல் சுவரை இடித்து எல்லாவற்றையும் திறந்துவிடுகிறோம். சமையலறையில் எண்ணெய் பற்றினால் புகை நேரே மேலே படுத்திருக்கும் பிள்ளையிடம் போகும். சுவரைத் திரும்ப எழுப்பு என்றால் முகம் சுளிக்கிறார்கள். ஆனாலும் சொல்கிறேன். ஒவ்வொரு தளத்திலும் மின்சாரத்தில் இயங்கி, ஒன்று அலறினால் எல்லாம் அலறும் புகை அலாரங்களும் வேண்டும்.

லொஃப்ட் உள்ள வீட்டை வாங்கப் போகிறவர்கள் பில்டிங் கொன்ட்ரோல் சான்றிதழைக் கேளுங்கள். 1985 நவம்பர் 11 முதல் நடந்த வேலை என்றால், சான்றிதழ் இல்லாவிட்டாலும் கவுன்சிலிடம் பின்னால் விண்ணப்பிக்க வழியுண்டு. ஏற்கெனவே குடியிருப்பவர்கள், கொன்ட்ராக்டரிடம் விலை கேட்பதற்கு முன் பக்கச் சுவரில் ஒன்று, சரிவில் ஒன்று, தரையில் ஒன்று என்று மூன்று இடத்தில் பலகையை வெட்டித் திறக்கச் சொல்லுங்கள். திறந்து பார்க்காமல் விலை சொல்லுகிறவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.