விரைவும் மெய்ம்மையும்

கணிப்பொறியின் நினைவகம், இராபர்ட் டென்னார்டு என்பார் 1968 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறைப்படி, நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தைத் தேக்கி வைப்பது. ஓட்டைக் குடத்து நீர்போல அது கசிந்துகொண்டேயிருக்கும். வெப்பம் மிகின் கசிவும் மிகும். தேங்கியதை அளந்தறிந்து விடை தருதற்கு நினைவகம் சில துடிப்புகள் காத்திருத்தல் வேண்டும். 3200 எனக் குறித்த நினைவகத்தில் 16 துடிப்புகளுக்கு ஆகும் காலம் 10 நானோநொடி. நானோநொடியாவது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு.

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் உழவர் மகன் ஒருவன், அவ்விரைவு போதாதெனக் கருதி, மார்கழிக் குளிரில் 16 துடிப்பை 14 ஆகக் குறைத்தான். மேசைக் கணிப்பொறி செவ்வனே இயங்கிற்று.

சித்திரை வெயில் வந்தது. தந்தையார் தக்காளி விற்ற கணக்கில் ஓர் இலக்கம் மாறிப் பதிவாயிற்று. பொறியோ பிழையென்று ஒரு சொல்லும் உரைக்கவில்லை. தந்தையார் கைப்பட எழுதிய பழைய குறிப்பேடே அதனைக் காட்டிற்று.

மைந்தன் நாணினான். மீண்டும் 16 ஆக்கி, இரவு முழுவதும் நினைவகத்தைச் சோதித்துப் பிழையின்மை கண்ட பின்னரே கணக்கைத் திருத்தினான். அவன் ஈட்டியது ஒன்றேகால் நானோநொடி. இழக்கவிருந்ததோ ஓராண்டு உழைப்பின் கணக்கு. மாணவர்களே, விரைவு வேண்டுவதே; மெய்ம்மை அதனினும் வேண்டுவது.